கொலு பொம்மையின் முகம் கோணலாக இருந்தால் அது அழகா, அச்சமா?

“ஆன்லைனில் வாங்கிய கொலு பொம்மை வந்து சேர்ந்தது. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. வீட்டில் எல்லோரும் அதுதான் கைவேலையின் அழகு என்கிறார்கள். எனக்கோ இரவில் அந்தப் பக்கம் போகவே ஒரு மாதிரி இருக்கிறது. யார் சொல்வது சரி, திருப்பி அனுப்பிவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்பிவிடாதீர்கள். குறைந்தபட்சம் இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது பொறுங்கள். உங்கள் கேள்வியில் முக்கியமான விவரம் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கண்கள் மேலும் கீழுமாக இருக்கின்றனவா, இல்லை மேலும் கீழுமாகப் பார்க்கின்றனவா? இது வேறு, அது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு நல்ல பொம்மையைக் கெடுத்தவள் நான்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் சிற்பியும் அல்ல, உளவியல் படித்தவளும் அல்ல. மதுரையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். பற்றும் வரவும் பைசா பிசகாமல் நேராக வர வேண்டும் என்கிற புத்தி எனக்கு உண்டு. கதையே அதனால் வந்ததுதான். “கணக்குப்பிள்ளைக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும்” என்று கருத்து எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதலாம், எனக்கும் அதே சந்தேகம் உண்டு.

எங்கள் வீட்டில் செட்டியார் பொம்மை ஒன்று இருக்கிறது. கொலு வைக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கீழ்ப் படியில் தொப்பையும் விபூதியுமாகச் சம்மணமிட்டு, முன்னால் அரிசி, பருப்பு, மிளகு என்று குட்டிக் கிண்ணங்களில் கடை பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். பக்கத்தில் ஆச்சி. என் பாட்டி 1956இல் விளாச்சேரியிலிருந்து வாங்கி வந்த ஜோடி. திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக மண் பொம்மை செய்கிறார்கள். கொலு பொம்மை, பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார், கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை என்று வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தெய்வம் அங்கே காய்ந்துகொண்டிருக்கும்.

எங்கள் செட்டியாருக்கு இடது கண் வலது கண்ணைவிடப் பெரியது. நெல் அளவு மேலேயும் இருந்தது. அந்தப் பக்கப் புருவமும் கூடவே ஏறி நின்றது. கடன் கேட்க வந்தவனை ஏற இறங்கப் பார்க்கிற முகம். சிறு வயதில் நான் அவரிடம் பருப்பு வாங்குகிற விளையாட்டு விளையாடுவேன். “நாளைக்குக் காசு தருகிறேன்” என்று சொன்னால் அவர் நம்பவில்லை என்பது அந்தக் கண்ணிலேயே தெரியும். எனக்கு அவரிடம் பயமே இருந்ததில்லை. ரொம்பவும் தெரிந்தவர் மாதிரி.

அம்மா போன பிறகு 2008இல் செட்டியார் என் வீட்டுக்கு வந்தார். 2011 நவராத்திரிக்குப் பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் பழைய வேட்டித் துணியைப் பிரித்தபோது அவர் மூக்கில் கொஞ்சம் வர்ணம் உதிர்ந்திருந்தது. அதற்குத்தான் வர்ணமும் மெல்லிய தூரிகையும் வாங்கி வந்தேன். மூக்கைச் சரிசெய்தேன், நன்றாகத்தான் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். கையில் தூரிகை இருக்கிறது, எதிரே ஐம்பத்தைந்து வருடமாக நேர்ப்படாத ஒரு கண் இருக்கிறது. கணக்கு எழுதுகிற கை சும்மா இருக்குமா? ஸ்கேல் வைத்து அளந்து, இடது கண்ணை வெள்ளையால் மூடி, வலது கண்ணுக்குச் சரியான ஜோடியாகப் புதிய கண் எழுதினேன். புருவத்தையும் இறக்கினேன். பிறகு வலது கண் மங்கலாகத் தெரிந்ததால் அதையும் பளிச்சென்று எழுதினேன். இரண்டு கருவிழிகளும் நட்டநடுவில், வட்டமாக, ஒரே அளவில்.

அன்றைக்குச் சாயங்காலம் படியில் வைத்து விளக்கைப் போட்டதும் என் ஐந்து வயது மகள், “இந்தத் தாத்தா ஏன் என்னையே பார்க்கிறார்?” என்று கேட்டாள். பத்து நாளும் அவள் சுண்டலை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்த்தான் சாப்பிட்டாள். விஜயதசமி இரவில் ஏதாவது ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிப்போம் அல்லவா? எங்கள் வீட்டில் மரப்பாச்சியைத்தான் படுக்க வைப்பது வழக்கம். அந்த வருடம் செட்டியாரைத்தான் படுக்க வைக்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். அதுவும் குப்புற.

நான் செய்தது கோணலை நேராக்கும் வேலை. வந்தது ஒரு பிணத்தின் முகம். ஏன் என்று எனக்கே புரியவில்லை. பொம்மையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு விளாச்சேரிக்குப் போனேன். வயதான ஒரு கைவினைஞர் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “இதில் யாரம்மா கை வைத்தது?” என்பதுதான். அலுவலகத்தில் தணிக்கைக்கு வருகிறவர்கள்கூட அப்படிக் கேட்டதில்லை. பிறகு அவர் சொன்ன ஒரு விஷயத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. “கருவிழி மேல் இமையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நீங்கள் அதை மிதக்க விட்டிருக்கிறீர்கள்.”

கண்ணாடியில் போய்ப் பாருங்கள். சாதாரணமாக இருக்கும்போது உங்கள் கருவிழியின் மேல் விளிம்பு இமைக்குள் கொஞ்சம் மறைந்துதான் இருக்கும். சுற்றிலும் வெள்ளை தெரிய வேண்டும் என்றால் நீங்கள் பயந்திருக்க வேண்டும், அல்லது யாரையாவது பயமுறுத்த வேண்டும். நான் எழுதிய இரண்டு கண்களும் அப்படித்தான் மிதந்தன. பழைய கண்கள் அளவில் மாறுபட்டிருந்தாலும் இரண்டும் இமையைத் தொட்டிருந்தன, இரண்டும் ஒரே ஆளைப் பார்த்தன. பார்வை ஒன்றாக இருந்தால் கண்ணின் உயரம், அளவு, புருவத்தின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் நம் மனம் குணமாக எடுத்துக்கொள்கிறது. கிண்டல்காரர், சந்தேகப் பேர்வழி, தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் என்று ஏதாவது ஒரு பெயர் வைத்துவிடுகிறது. பார்வை பிரிந்தாலோ, மிதந்தாலோ பெயர் வைக்க முடிவதில்லை. அந்த இடத்தில்தான் வயிற்றைப் பிசைகிறது.

சரி, கோணல் எங்கிருந்து வருகிறது? அவரிடமே கேட்டேன். முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்து, குழைத்த மண்ணைத் தடவி ஒட்டுகிறார்கள். ஒட்டும்போது கொஞ்சம் நழுவலாம். காயும்போது ஒரு பக்கம் வெயில் அதிகம் பட்டால் அந்தப் பக்கம் முதலில் சுருங்கும். பிளாஸ்டர் அச்சு பழசாகப் பழசாக மூக்கும் இமையும் மழுங்கிவிடும். பிறகு கண் எங்கே இருக்கிறது என்பதை அச்சு சொல்லாது, எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, வர்ணமெல்லாம் முடித்துக் கடைசியில்தான் கண் எழுதுவது. முதல் கண்ணை எப்படி வேண்டுமானாலும் எழுதிவிடலாம், இரண்டாவது கண்தான் வித்தை என்றார். வலது கைக்காரருக்கு ஒரு பக்கம் வாகாக இருக்கும், மறுபக்கத்துக்குக் கை முகத்தையே மறைக்கும். பருவ நேரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முகம் எழுதுவீர்கள் என்று கேட்டதற்கு, எண்ணினால் எழுத முடியாது என்றார்.

இதற்குள் யாராவது ‘விசித்திரப் பள்ளத்தாக்கு’ பற்றி எழுதக் கிளம்பியிருப்பீர்கள். எனக்கும் தெரியும். ஜப்பானிய ரோபோ ஆராய்ச்சியாளர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதியது. ஒரு பொருள் மனிதனைப்போல ஆக ஆக நமக்கு அதன்மேல் பிரியம் கூடும். ஏறக்குறைய மனிதனே என்கிற இடத்தில் சட்டென்று அருவருப்பில் விழும். பொருள் அசைந்தால் அந்த விழுகை இன்னும் ஆழமாகும் என்றும் சொன்னார். கொலு பொம்மைக்கு இது பாதிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். ரோஜா நிறக் கன்னமும் காது வரை நீண்ட கண்ணுமாக இருக்கும் மண் பொம்மை மனிதனாக வேஷம் போடவே இல்லை, பிறகு எங்கே போய் விழ? தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை அசையவும் செய்கிறது, முகமும் பல நேரம் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்த குழந்தையை நான் கண்டதில்லை. மோரியும்கூட, புன்ராக்கு என்கிற ஜப்பானியப் பாவைக்கூத்தின் பொம்மைகளைப் பள்ளத்துக்குள் தள்ளாமல் அதைத் தாண்டி மேட்டில்தான் வைத்தார். அரங்கில் உட்கார்ந்து பார்க்கும்போது அவை நம்மை ஈர்த்துவிடுகின்றன என்பது அவர் கட்சி.

எந்திரத்தின் நேர்த்தியே கதி என்று இருக்கிறவர்களும்கூடக் கடைசியில் கோணலைத் தேடித்தான் போகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி பிளைத் பொம்மை சேர்க்கிறாள். பெரிய தலை, பின்னால் கயிற்றை இழுத்தால் கண்ணின் நிறம் மாறும். அமெரிக்காவில் 1972இல் வந்து, குழந்தைகளுக்குப் பிடிக்காமல் உடனே நின்றுபோன பொம்மை; 2000க்குப் பிறகு ஜப்பான் வழியாக மறுபடி பிழைத்தது. ஆலையிலிருந்து வரும் முகம் அச்சு அசலாக இரண்டு பக்கமும் ஒன்று. இவள் அதை ஒருவரிடம் கொடுத்து, பளபளப்பைத் தேய்த்தெடுத்து, உதட்டை ஒரு ஓரத்தில் லேசாக ஏற்றிச் செதுக்கி வாங்குகிறாள். அதற்குக் கொடுத்த கூலியைக் கேட்டு நான் இரண்டு முறை பூஜ்யங்களை எண்ணினேன். விளாச்சேரியில் இலவசமாகக் கிடைக்கிறது.

இன்னொரு கூட்டமும் வரும்: “பின்னமான பொம்மையை வீட்டில் வைக்கலாமா?” பின்னம் என்பது உடைவது. கோணல் பின்னமாகாது. வழிபாட்டுச் சிலைக்குக் கணக்கே வேறு, ஒப்புக்கொள்கிறேன். அங்கே முகத்தின் நீளம் ஒரு தாளம், தாளத்துக்கு 12 அங்குலம் என்று அளந்து வடிப்பார்கள், கண் திறப்பதற்கென்று தனிச் சடங்கே இருக்கிறது. பருப்பு விற்கிற செட்டியாருக்கு யார் தாளம் பார்த்தது? எங்கள் குடியிருப்பில் நடந்த கொலுப் போட்டியில் நடுவராக வந்த ஒருவர் இதே பேச்சைப் பேசி எனக்கு மதிப்பெண் குறைத்தார். முதல் பரிசு வாங்கிய கொலுவில் மெட்ரோ ரயில் ஓடியது. பரிசு ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா. எனக்கு அது கிடைக்கவில்லை என்பதற்காகச் சொல்லவில்லை.

உண்மையான வருத்தம் வேறு. மேலே ‘ஜோடி’ என்று எழுதினேன், கவனித்தீர்களா? ஆச்சி என்னிடம் இல்லை. அம்மா போன பிறகு பொம்மைகளைப் பிரித்தபோது, ஜோடியாக இருந்தவற்றை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தார்கள். அதுதான் சமமான பங்காம்! ராமர் அங்கே, சீதை இங்கே. தசாவதாரத்தில் ஐந்து எனக்கு, ஐந்து அண்ணனுக்கு. வராகம், நரசிம்மம் எல்லாம் என் தலையில். அண்ணி கொலு வைப்பதில்லை. வைக்காதது அவர் விருப்பம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆச்சி அந்த வீட்டுப் பரணில் செய்தித்தாளில் சுற்றியபடி பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கிடக்கிறாள். “எங்கே வைத்தோம் என்று தேட வேண்டும் அத்தை, அடுத்த லீவில் பார்க்கிறேன்” என்பான் அண்ணன் மகன். எத்தனை லீவு.

இதில் உங்களுக்கு என்ன என்று கேட்காதீர்கள், இருக்கிறது. கைவினைஞரிடம் செட்டியாருக்குப் பழைய கண்ணையே திரும்ப எழுதித் தரச் சொன்னேன். “பழையது எப்படி இருந்தது?” என்று கேட்டார். என்னிடம் இருந்த புகைப்படங்கள் எல்லாம் தூரத்திலிருந்து எடுத்தவை; அத்தை முகம் தெளிவாக இருக்கிறது, செட்டியார் முகம் கடுகளவு. “ஜோடி இருந்தால் கொண்டு வாருங்கள். ஒரே கை எழுதிய முகம் என்றால் அந்தக் கோணல் ஆச்சியிடமும் இருக்கும், பார்த்து எழுதிவிடலாம்” என்றார். அண்ணனிடம் கேட்டேன். பதில் மேலே சொன்னதுதான். கடைசியில் கருவிழியை மட்டும் மேல் இமையைத் தொடும்படி எழுதித் தந்தார். இப்போது செட்டியார் யாரையும் பயமுறுத்துவதில்லை. கடன் கொடுப்பாரா, மாட்டாரா என்பதுதான் தெரியவில்லை.

இனி உங்கள் பொம்மை. காலை வெளிச்சத்தில், ஜன்னல் பக்கத்தில், உங்கள் கண் மட்டத்துக்கு வைத்துப் பாருங்கள். கொலுப் படியில் கீழேயிருந்து அடிக்கும் சீரியல் விளக்கில் பார்த்தால் நானும்கூடப் பயமாகத்தான் இருப்பேன். பிறகு எதிரே நின்று, அதன் இரண்டு கண்களும் உங்களைத்தான் பார்க்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒரு விரலால் மறைத்துச் சோதியுங்கள். இரண்டும் உங்களையே பார்த்தால் உயரத்தை மறந்துவிடுங்கள், இரண்டு வாரத்தில் பழகிவிடும். ஒன்று உங்களையும் மற்றது வாசற்படியையும் பார்த்தால், அல்லது கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரிந்தால், உங்கள் கூச்சம் நியாயம்தான்; பக்கத்தில் பொம்மை எழுதுகிறவர் இருந்தால் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை. நீங்கள் மட்டும் தூரிகையைத் தொடாதீர்கள். கொடுப்பதற்கு முன்னால் முகத்தைக் கிட்டத்தில் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள்.

ஜோடிப் பொம்மை என்றால் இரண்டையும் எடுங்கள்.