தேவை மாறினாலும் திருத்த வேண்டியிராத காம்பொனென்ட்டை எழுதுவது எப்படி?

தேவை மாறும்போதெல்லாம் உள்ளே கைவைக்காமல், பல இடங்களில் பயன்படுத்தும்படி ஒரு காம்பொனென்ட்டை (நிரலின் ஒரு தனித் துண்டை) எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் நான் முதலில் தப்பாகத்தான் எழுதினேன்.

அது ஒரு அட்டவணை. முதல் திரைக்கு வரிசைப்படுத்தினால் போதும். அடுத்த திரையில் வரிகளைத் தேர்வு செய்ய வேண்டும். அதற்கு ஒரு பூலியன், அதாவது ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சுவிட்ச். இன்னொன்றில் தேர்வு வேண்டும், மொத்தத் தொகை வரிக்கு மட்டும் வேண்டாம், இன்னொரு பூலியன். இப்படியே ஒன்பது சேர்ந்துவிட்டன. ஒன்பது என்றால் 512 சேர்க்கைகள். டெஸ்ட் இருந்ததோ பத்துப் பன்னிரண்டுக்குத்தான். ஒரு திரைக்காகத் திருத்தினால் சம்பந்தமே இல்லாத வேறொரு திரை உடையும்.

என்னென்ன மாறும் என்பதை நானே உள்ளே உட்கார்ந்து பட்டியல் போட்டதுதான் கோளாறு. சி நிரல் மொழியில் தரவை வரிசைப்படுத்தும் க்யூசார்ட் ஃபங்ஷனைப் பாருங்கள். தரவு எங்கே தொடங்குகிறது, எத்தனை உறுப்புகள், ஒவ்வொன்றும் எத்தனை பைட், இரண்டை ஒப்பிடும் ஃபங்ஷன் எது என்ற நான்கை மட்டும்தான் கேட்கும். பெயர்வாரியா தேதிவாரியா என்பது அதை அழைப்பவர் (தன் நிரலில் பயன்படுத்துபவர்) பாடு. உள்ளே எந்த முறையில் அடுக்குகிறது என்பது அதன் பாடு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், க்விக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறைதான் வேண்டும் என்று சி தரநிலை கட்டாயப்படுத்தவில்லை. குனு சி நூலகம் பல ஆண்டுகள் பெரும்பாலும் மெர்ஜ்சார்ட் என்ற வேறொரு முறையைத்தான் பயன்படுத்தியது. அழைத்தவர்கள் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. மாறக்கூடிய முடிவை மாட்யூலுக்குள் (நிரலின் தனிப் பகுதிக்குள்) மறைத்துவை என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972இல் எழுதியது இதைத்தான்.

அப்புறம் அட்டவணையையும் அப்படியே பிரித்தேன். ஒரு செல்லில் என்ன காட்டுவது, எந்த வரியைத் தேர்வு செய்யலாம் என்ற இரண்டையும் அழைப்பவரே ஃபங்ஷனாகக் கொடுத்துவிடுவார். மொத்தத் தொகை வரி என்று ஒன்று இருப்பதே இப்போது அட்டவணைக்குத் தெரியாது.

இதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் எல்லாவற்றையும் ஃபங்ஷனாக வெளியே தள்ளிவிடாதீர்கள். நான் தள்ளினேன். வரியின் உயரத்துக்குக்கூட ஒரு ஃபங்ஷன் கேட்டது அது! அதைப் பயன்படுத்துவதைவிடப் புதிதாக எழுதுவது சுலபம் என்று டீமில் ஒருவர் சொன்னார், அவர் சொன்னது சரிதான். இப்போதெல்லாம் முதல் இரண்டு இடங்களில் வெட்கப்படாமல் காப்பி பேஸ்ட் செய்கிறேன். மூன்றாவது இடம் வரும்போது எது மாறுகிறது, எது மாறவில்லை என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும், ஊகிக்க வேண்டியதில்லை.

அந்த ஒன்பது பூலியனில் ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. எந்தத் திரைக்காகச் சேர்த்தோம் என்று யாருக்கும் நினைவில்லை, எடுக்கவும் பயமாக இருக்கிறது.