ஞானஸ்நானம் எடுத்து 14 வருஷம், இன்னும் கோபம் போகவில்லையே?

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன், ஐயா. ஞானஸ்நானம் எடுத்து 14 வருஷம் ஆகிறது. அன்றைக்கு விட்ட குடியைத் திரும்பத் தொடவில்லை. ஆனால் கடைப்பையனை வாய்க்கு வந்தபடி திட்டிவிடுகிறேன். விவசாயி கொண்டுவரும் மல்லிகையில் ஈரத்துக்கென்று எடை கழிப்பேன். ஈரம் இல்லாத நாளிலும் கழித்துவிடுகிறேன். முன்பெல்லாம் இது உறுத்தியதே இல்லை, இப்போது உறுத்துகிறது. 'மறுபடியும் பிறந்தவன் பாவம் செய்யமாட்டான், 1 யோவான் 3:9 பாருங்கள்' என்கிறார் ஜெபக்குழுவில் மூத்த சகோதரர் ஒருவர். அப்படியானால் நான் இரட்சிக்கப்படவே இல்லையா? மூன்று மாதமாக, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்தில் பந்தி சேராமல் இருக்கிறேன்.

பதில்: விசுவாசி வளர்ந்த பிறகும் பாவம் செய்கிறான். 14 வருஷம் ஆனாலும் சரி, 40 வருஷம் ஆனாலும் சரி. உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. மூத்த சகோதரர் காட்டிய அதே நிருபத்தில் கொஞ்சம் முன்னால் திருப்பிப் பாருங்கள்: 'நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்' (1:8). யோவான் 'உங்களுக்கு' என்று எழுதவில்லை, 'நமக்கு' என்று எழுதுகிறார். அவரும் அந்தக் கணக்கில் உண்டு.

அப்புறம் 3:9 எப்படி? அங்கே கிரேக்கத்தில் இருப்பது நிகழ்காலம், அதனால் 'பாவம் செய்துகொண்டே இருக்கமாட்டான்' என்று அர்த்தம் என்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் பிரசங்கம் செய்தேன். இப்போது அதில் அவ்வளவு பாரம் ஏற்றுவதில்லை. பாவம் செய்கிற சகோதரனுக்காக ஜெபிக்கச் சொல்லும் 5:16-லும் நிகழ்கால வடிவம்தான் வருகிறது. அங்கே அவன் இன்னும் சகோதரன்தான். இலக்கணத்தைவிட, முன்னும் பின்னும் உள்ள வசனங்கள்தான் நல்ல சாட்சி. சபையைவிட்டுப் பிரிந்து போனவர்களைப் பற்றி 2:19-ல் பேசுகிறார். 3:10-க்குப் பிறகு சகோதரனைப் பகைப்பதையும், தம்பியைக் கொன்ற காயீனையும் இழுக்கிறார். பாவத்திலேயே குடியிருந்துகொண்டு, அதனால் எனக்கென்ன என்று இருப்பவர்களைத்தான் அவர் மனதில் வைத்திருக்கிறார். உங்களைப் போலத் தடுக்கி விழுகிறவருக்கு அவர் எழுதிய வசனம் 2:1. பாவஞ்செய்யாதபடிக்கு இதை எழுதுகிறேன் என்று தொடங்கி, ஒருவன் செய்துவிட்டால் பிதாவினிடத்தில் பரிந்து பேச இயேசு கிறிஸ்து இருக்கிறார் என்று முடிக்கிறார்.

ஆனாலும் உங்கள் ஜெபக்குழு சகோதரரை நான் தள்ளிவிட மாட்டேன். அவர் பேச்சுக்கு ஒரு பாரம்பரியம் உண்டு. விசுவாசி இந்த உலகத்திலேயே அன்பில் பூரணமாகலாம் என்று 18-ஆம் நூற்றாண்டில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி போதித்தார். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் வேர்களில் ஒன்று அது. ஆனால் வெஸ்லி பாவம் என்றது, தெரிந்த கட்டளையை மனமறிந்து மீறுவதை. அறியாமையால் வரும் தவறுகள் கடைசிவரை போகாது, பூரணப்பட்டவனுக்கும் கிறிஸ்துவின் இரத்தம் தேவை என்றும் அவரே சொன்னார். இந்தப் பின்பாதி நம் ஊர் ஜெபக்குழுக்களுக்கு வந்து சேரவில்லை. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்றார். கத்தோலிக்கர்கள் சாவான பாவம், அற்பப் பாவம் என்று பிரித்துச் சொல்வதும் இதே சிக்கலைக் கையாளத்தான்.

எனக்கு இந்த விஷயத்தில் பெரிய பாடம் பேதுரு. அவர் இயேசுவை மறுதலித்ததைச் சொல்லவில்லை. அது ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்கு முந்தியது. கலாத்தியர் 2-ஐப் படியுங்கள். ஆவியானவரைப் பெற்று, யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்கும் போய்வந்த அப்போஸ்தலர், அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியைவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். பவுல் எல்லார் முன்பாகவும் அவரைக் கண்டித்தார். இது ஏதோ தூரதேசத்துக் கதை இல்லை. 1834-ல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனில், 1840-களில் இதே பந்தித் தகராறுதான் வெடித்தது. சாதி பார்த்துச் சேர்ந்து உண்ண மறுத்த சபை ஊழியர்களை விலக்கிவைக்க வேண்டியிருந்தது. அவர்களெல்லாம் ஊருக்கு வேதம் சொன்னவர்கள். இந்த ஒரு பாவம் மதுரைப் பக்கத்துச் சபைகளில் இன்னும் பலருக்கு உறுத்துவதே இல்லை என்பது என் அனுபவம். குடியையும் சினிமாவையும் சாட்சியில் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்.

உறுத்தல் என்றதும் உங்கள் கடிதத்துக்கே வருகிறேன். 'முன்பெல்லாம் உறுத்தியதே இல்லை, இப்போது உறுத்துகிறது' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு தடவை படித்த வரி அதுதான். அதிகாலையில் கடை விளக்கில் பார்த்தால் மல்லிகை எல்லாம் வெள்ளைதான். விடிந்த பிறகுதான் பழுப்பு தெரியும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பவுல் முதலில் தன்னை அப்போஸ்தலரில் சிறியவன் என்கிறார் (1 கொரிந்தியர் 15:9). பிறகு பரிசுத்தவான்கள் எல்லாரிலும் சிறியவன் (எபேசியர் 3:8). அப்புறம் பாவிகளில் பிரதான பாவி (1 தீமோத்தேயு 1:15). வயதாக ஆக அவர் கெட்டுப்போய்க்கொண்டிருந்தாரா? ஆகவே இரட்சிப்பைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். உறுத்தல் நின்றுபோய், 'மார்க்கெட்டில் எல்லாரும் செய்வதுதானே' என்று வாய் தானாகச் சொல்லத் தொடங்கினால், அன்றைக்குப் பயப்படுங்கள்.

சரி, என்ன செய்வது? பந்தி சேராமல் இருப்பது தப்பு. தன்னைத்தானே சோதித்தறிந்து 'புசிக்கக்கடவன்' என்றுதான் 1 கொரிந்தியர் 11:28 சொல்கிறது, சோதித்துவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லவில்லை.

எடை விஷயத்தில் கண்ணீர் விட்டு ஜெபித்தால் மட்டும் போதாது. 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' (நீதிமொழிகள் 11:1) என்ற வசனம் உங்கள் தொழிலுக்கே எழுதியது போல இருக்கிறது. நாளையிலிருந்து ஈரம் இல்லாத பூவில் கழிக்காதீர்கள். உங்களிடம் வழக்கமாகப் பூப்போடும் விவசாயிகளை உங்களுக்குத் தெரியும். அநியாயமாகக் கழித்ததை உத்தேசமாகவாவது கணக்குப் பார்த்து, அவரவர் பட்டியலில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். ஆயக்காரனான (வரி வசூலிப்பவனான) சகேயு நாலு மடங்காகத் திரும்பக் கொடுப்பதாக இயேசுவிடம் சொன்னான். நீங்கள் ஒரு மடங்கில் ஆரம்பித்தாலே பெரிய காரியம்.

கோபம் வேறு. இது ஒரே நாளில் போகாது, அடுத்த வாரமும் திட்டுவீர்கள். ஆனால் திட்டிய பிறகு கர்த்தரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பையனை அப்படியே விட்டுவிடாதீர்கள். நம்மில் பலர் இந்தச் சலுகையை நமக்கு நாமே கொடுத்துக்கொள்கிறோம். கடைக்காரர் வேலையாளிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று தோன்றும். ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அடுத்த தடவை வாய் திறக்குமுன் அது நினைவுக்கு வரும். இன்னொன்று, நள்ளிரவுக்கு மேல் எழுந்து கடைக்குப் போகிறவர் பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள்? சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தீர்களா? எரிச்சலில் ஒரு பங்கு உடம்பிலிருந்து வரலாம். டாக்டரைப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது.

வருகிற ஞாயிறு திருவிருந்து இருந்தால் போங்கள். பையனிடம் சனிக்கிழமையே பேசிவிடுங்கள். ஞாயிறு முகூர்த்த நாளாக இருந்தால் கடையில் பேச நேரம் இருக்காது.