நச்சுக்கொடியைத் தானம் செய்யலாமா?

கேள்வி: எனக்கு இப்போது 33 வாரம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். மூத்த மகன் சீசர் செய்து பிறந்தவன். இந்தப் பிள்ளைக்கும் சீசருக்கு நாள் குறித்துவிட்டார்கள். பிள்ளை பிறந்த பிறகு வரும் நச்சுக்கொடியைக் கண் நோயாளிகளுக்கும் நெருப்புக் காயக்காரருக்கும் கொடுக்கலாம் என்று என்னோடு வேலை செய்யும் ஒருவர் சொன்னார். எனக்கு விருப்பம்தான். ஆனால் மாமி, "கொடி வேறு ஆட்களின் கைக்குப் போனால் பிள்ளைக்குக் கூடாது" என்கிறார். இதற்கிடையில், தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்து வைக்கச் சொல்லி ஒரு கம்பனி முகவர் விடாமல் போன் எடுக்கிறார். இரண்டும் ஒன்றுதானா? பிள்ளைக்கு ஏதும் குறைந்துவிடுமா?

மருத்துவர் பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பிள்ளைக்கு எதுவும் குறையாது, உங்களுக்கும் குறையாது. பிள்ளையை வெளியே எடுத்து, தொப்புள்கொடியை வெட்டிய பிறகுதான் நச்சுக்கொடியை எடுக்கிறார்கள். (உங்கள் மகன் பின்னாளில் இதைப் பள்ளிப் புத்தகத்தில் 'சூல்வித்தகம்' என்று படிப்பான்.) அரைக் கிலோ அளவு பாரம் இருக்கும். ஏதாவது துண்டு கர்ப்பப்பைக்குள் நின்றுவிட்டால் இரத்தப்போக்கு வரும் என்பதால், முழுதாக வந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு ஆஸ்பத்திரிக் கழிவோடு எரிக்கப் போய்விடும்.

மாமியின் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். அவர் அறிந்த காலத்தில் பிரசவம் வீட்டில் நடந்தது. மருத்துவிச்சி கொடியை வளவுக்குள் கிடங்கு வெட்டி, நாய் கிளறாதபடி ஆழமாகத் தாட்டுவார். சுத்தத்துக்கும் அது சரியான வழிதான். ஆனால் ஆஸ்பத்திரிப் பிரசவம் வந்த நாளிலிருந்தே கொடி வேறு கைக்குத்தான் போகிறது. மூத்தவனுடைய கொடி எங்கே போனது என்று மாமி கேட்டிருக்கவும் மாட்டார். அவன் சுகமாகத்தானே ஓடித் திரிகிறான்?

சரி, அந்தக் கொடியில் மற்றவருக்கு உதவும்படி என்ன இருக்கிறது? பிள்ளை மிதக்கும் பனிக்குடமும் கொடியோடு சேர்ந்துதான் வெளியே வரும். அதன் உட்பக்கத்தில் அம்னியன் என்று ஒரு சவ்வு இருக்கிறது. வெங்காயத்தின் உட்தோல் மாதிரி மெல்லியது, கண்ணாடி போலத் தெரியும். அதில் இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மற்ற உறுப்புகளை உடல் 'இது அந்நியம்' என்று எதிர்ப்பதைப் போல இதை எதிர்ப்பது மிகக் குறைவு. அதனால் இரத்த வகை பொருந்துகிறதா என்று பார்க்கத் தேவையில்லை. உங்கள் பிள்ளையின் சவ்வு அம்பாந்தோட்டை மீனவருக்கும் போகலாம், மன்னார் பாட்டிக்கும் போகலாம்.

மேசன் வேலை செய்யும் ஒரு பொடியனின் கண்ணில் சுண்ணாம்பு தெறித்துவிட்டது என்று வையுங்கள். கருவிழியின் மேற்தோல் வெந்து உரிந்துவிடும். தானாக ஆறவிட்டால் தழும்பு விழுந்து பார்வை மங்கலாம், இமை கண்ணோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். கழுவி மருந்து போட்ட பிறகு, கண் சத்திரசிகிச்சை நிபுணர் இந்தச் சவ்வில் ஒரு துண்டை மேலே வைத்துத் தைப்பார். அழற்சி அடங்கும், நோவு குறையும். புதுத் தோல் அந்தச் சவ்வைப் பிடித்துக்கொண்டு படரும். சில வாரத்தில் சவ்வு கரைந்துவிடும். வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணின் ஓரத்தில் சதை வளருமே, அதை வெட்டிய இடத்தை மூடவும் சில சமயம் இதைப் பயன்படுத்துவார்கள். நெருப்புக் காயத்துக்கும், சலரோகக்காரரின் ஆறாத கால் புண்ணுக்கும் மேலே போர்க்கலாம். புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். 1910இலேயே தோல் சிகிச்சைக்கு முயன்றிருக்கிறார்கள். கண் வைத்தியத்தில் 1940இல் தொடங்கி இடையில் கைவிட்டு, 1995க்குப் பிறகுதான் திரும்பக் கையில் எடுத்தார்கள்.

கொழும்பில் இதற்கு இடம் இருக்கிறது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தான சங்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொழும்பு 7, வித்யா மாவத்தையில் இருக்கும் அந்தச் சங்கத்துக்கு மனித இழைய வங்கியும் உண்டு. சவ்வைக் கழுவி, உலர்த்தி, பொதி செய்து, காமாக் கதிரால் கிருமி நீக்கி வைக்கும் முறை இப்படியான வங்கிகளில் நடப்பதுதான். வேறு முறையில் உறைகுளிரில் வைப்பார்கள்.

எல்லோருடையதையும் எடுக்கமாட்டார்கள். எயிட்ஸ் கிருமி, ஈரல் அழற்சி பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு இரத்தம் பார்ப்பார்கள். எயிட்ஸ் கிருமிக்கும் சிபிலிசுக்கும் கிளினிக்கில் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். என்றாலும் வங்கி தன் கணக்குக்கு மறுபடி கேட்கும். சில முறைகளில் ஆறு மாதம் கழித்தும் ஒருமுறை இரத்தம் கேட்பார்கள், பயப்படாதீர்கள். தொற்று ஏற்பட்ட புதிதில் பரிசோதனையில் அகப்படாமல் போகலாம் என்பதால்தான் அந்தக் கவனம். பனிக்குடம் உடைந்து வெகு நேரம் ஆகியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருந்தாலோ வேண்டாம் என்பார்கள். இந்த விஷயத்தில் நாள் குறித்த சீசர் உங்களுக்கு வாய்ப்பு. வலி வருமுன் எடுக்கும் கொடி பிறப்புவழிக் கிருமி படாமல் வருகிறது. அதற்காக, சுகப்பிரசவம் ஆகக்கூடிய ஒருவர் தானத்துக்கென்று சீசர் கேட்கக் கூடாது. தானத்துக்காகப் பிரசவத்தில் எதையுமே மாற்றக் கூடாது, தொப்புள்கொடி வெட்டும் நேரத்தைக்கூட. பிள்ளை பிறந்து குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுவது அதன் இரத்தத்துக்கு நல்லது.

அந்த ஒரு நிமிடத்தில் தொப்புள்கொடியில் இருக்கும் இரத்தம் பிள்ளைக்குப் போகிறது. முகவருக்கு வேண்டியதும் அதே இரத்தம் என்பதால்தான் அவருடைய விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன். அவர் கேட்பது சவ்வை அல்ல, தொப்புள்கொடிக்குள் மிஞ்சும் இரத்தத்தை. அதில் இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள் இருக்கின்றன. 1988இல் பாரிஸில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி இரத்தம் ஏற்றினார்கள். ஆகவே மருத்துவம் உண்மைதான், விளம்பரம்தான் அளவுக்கு மீறியது. பிள்ளைக்குப் பிற்காலத்தில் லியூக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய் வந்தால், அதன் சொந்தத் தொப்புள்கொடி இரத்தம் பெரும்பாலும் உதவாது. நோயின் விதை அதற்குள்ளேயே இருக்கலாம். வீட்டில் மூத்த பிள்ளைக்குத் தலசீமியா மாதிரி ஒரு பரம்பரை இரத்த நோய் இருந்தால் கதை வேறு, அப்போது நிபுணரிடம் கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நானாக இருந்தால் அந்தக் காசை மகனின் படிப்புக்குப் போட்டு வைப்பேன். சவ்வுத் தானத்தில் காசுப் பேச்சே இல்லை. யாராவது பணம் கேட்டாலோ, தருகிறேன் என்றாலோ விலகி நில்லுங்கள்.

முக்கியமானது, நேரம். பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு தாய் தியேட்டர் வாசலில் வைத்துத்தான் தன் விருப்பத்தைச் சொன்னார். படிவம் இல்லை, இரத்தம் பார்க்கவில்லை, எடுத்துப் போக ஆளும் இல்லை. அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த கிளினிக்கிலேயே உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வங்கி எடுக்கிறதா என்று கேளுங்கள், படிவத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். கடைசி நிமிடத்தில் மனம் மாறினால், வேண்டாம் என்றால் போதும், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அப்புறம், முடிந்தால் மாமியையும் அன்றைக்குக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பத்துத் தரம் சொல்வதை வைத்தியர் ஒருதரம் சொன்னால் கேட்கக்கூடும்.