பெர்லில் கம்பைல் நேரக் கொக்கிகள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பெர்ல் நிரல்மொழியில் மாறியை அறிவிக்கும் ‘மை’ போட்டு விலையை 50 என்று வைத்தேன். அடுத்த வரியில் பிகின் பிளாக்குக்குள் அதை அச்சிட்டால் ஒன்றுமே வரவில்லை. பெர்லில் பிழையா?

பதில்: பிழை இல்லை தம்பி. ‘மை’யைப் படித்ததுமே பெயருக்கு இடம் ஒதுக்கியாயிற்று. அதில் 50ஐப் போடுவது நிரல் ஓடும்போது நடக்கிற வேலை. பிகின் என்பது கம்பைல் நேரத்திலேயே, அதாவது பெர்ல் நிரலைப் படித்துத் தயாராக்கும்போதே, ஓடும் பகுதி. அதற்கெல்லாம் காத்திருக்காது. மூடும் அடைப்பைப் பார்த்ததும் ஓடிவிடும், கீழே உள்ள வரிகளைப் பெர்ல் இன்னும் படித்திருக்கக்கூட இல்லை. பெயரை வெளியே அறிவித்து, மதிப்பைப் பிகினுக்குள் கொடு.

கேள்வி: மாட்யூலை, அதாவது வேறு ஃபைலில் உள்ள நிரலை, ஏற்றும் யூஸ் வரியை இஃப்புக்குள் போட்டேன். நிபந்தனை பொய்யானாலும் மாட்யூல் ஏறிவிடுகிறதே?

பதில்: யூஸ் என்பதே மாறுவேடத்தில் வரும் பிகின்தான். மாட்யூலை ஏற்றும் ரெக்வயரைச் செய்து, கையோடு மாட்யூலின் இம்போர்ட் சப்ரூட்டினையும் (பெயரிட்ட நிரல் துண்டு) அழைத்துவிடும். உங்கள் இஃப் அதற்கப்புறம்தான் கண்விழிக்கும். ரெக்வயரை நேராக எழுதுங்கள்.

கேள்வி: என் மாட்யூலை யூஸ் செய்பவருடைய ஃபைல் கம்பைல் ஆகி முடிந்ததும் என் சப்ரூட்டின் ஓட வேண்டும் சார். செக் பிளாக் போட்டேன், சில இடங்களில் ‘டூ லேட்’ என்று எச்சரிக்கை வருகிறது.

பதில்: கம்பைல் முடிந்ததும் ஓடும் செக்கும், நிரல் ஓடத் தொடங்குமுன் ஓடும் இனிட்டும் முக்கிய நிரலுக்கு ஒரே முறை வரும் பஸ். நிரல் ஓடத் தொடங்கியபின் ரெக்வயரில் ஏறிய மாட்யூலுக்கு அது கிடைக்காது. அப்பாச்சி வெப் சர்வருக்குள் பெர்லை ஓட்டும் மாட்_பெர்லில் இதனாலேயே பலர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பெர்ல் 5.10இல் வந்த யூனிட்செக் பிளாக் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாக ஓடும். ஆனால் உங்கள் மாட்யூலில் எழுதினால் உங்கள் ஃபைல் முடிந்ததும் ஓடும், அவருடையது முடிந்ததும் அல்ல.

உங்களுக்கு வேண்டியது பி::ஹூக்ஸ்::எண்ட்ஆஃப்ஸ்கோப் என்ற மாட்யூல். உங்கள் இம்போர்ட் ஓடும் நேரத்தில் அவருடைய ஃபைல் பாதிதான் கம்பைல் ஆகியிருக்கும். அங்கே இந்த மாட்யூலின் ஆன்_ஸ்கோப்_எண்டுக்கு சப்ரூட்டினைக் கொடுத்துவிடுங்கள். %^ஹெச் என்பது பெர்லே வைத்திருக்கும் ஒரு ஹாஷ் (பெயர்-மதிப்புப் பட்டியல்); கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும் ஸ்கோப்போடு, அதாவது அந்தப் பிளாக் அல்லது ஃபைலோடு, கட்டுண்டது. ஸ்கோப் முடிந்ததும் பெர்ல் அதைப் பழைய நிலைக்குத் திருப்பும். அதில் ஒட்டியிருந்த பொருள் அழியும்போது உங்கள் சப்ரூட்டின் அழைக்கப்படும். நேம்ஸ்பேஸ்::ஆட்டோகிளீன் என்ற மாட்யூல் இதை நம்பித்தான் பிழைக்கிறது. யூஸை ஒரு பிளாக்குக்குள் போட்டால் அந்தப் பிளாக்கின் முடிவிலேயே அழைப்பு வந்துவிடும், அது மட்டும் கவனம்.

கேள்வி: ஒரே வகைப் பிளாக் பல இருந்தால் எது முதலில் ஓடும்?

பதில்: பிகினும் இனிட்டும் எழுதிய வரிசையில். யூனிட்செக், செக், நிரல் முடியும்போது ஓடும் எண்ட் மூன்றும் கடைசியில் எழுதியதிலிருந்து மேலே.

கேள்வி: பெர்ல் -சி என்ற கட்டளை நிரலின் இலக்கணத்தை மட்டும்தானே பார்க்கும்? யாரோ அனுப்பிய ஸ்கிரிப்டில் ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். இனிட், எண்ட் ஓடாது. பிகின், யூனிட்செக், செக் மூன்றும் நிஜமாகவே ஓடும். பழைய ஸ்கிரிப்ட் ஒன்றை ‘சும்மா பார்ப்போம்’ என்று நான் -சி போட்டேன். பிகினுக்குள் லாக் ஃபைல்களை அழிக்கும் வரி இருந்திருக்கிறது. ‘சின்டாக்ஸ் ஓகே’ என்று திரையில் வந்தது, லாக் ஒன்றும் மிஞ்சவில்லை. உங்கள் எடிட்டர் சேமிக்கும்போதெல்லாம் பின்னணியில் இதையே ஓட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.