ரெடிங்ல வீடு வாங்கப் போற தம்பிக்கு, சாஃப்ட்னர் பத்தி

தம்பி, வள்ளியூர்ல இருந்து இங்கிலாந்துல ரெடிங் வந்து வருஷமாச்சு, இப்ப வீடு வாங்கப் போறோம், கெட்டில்ல வெள்ள வெள்ளயா படியுது, வீட்ல அவங்களுக்கு முடி கொட்டுது, தண்ணியோட கடினத்த எடுக்குத மெஷின், அதான் வாட்டர் சாஃப்ட்னர், எது போடலாம்னு கேட்டிருக்கிய. கூடவே ஸ்கூல், கவுன்சில் டாக்ஸ், குளிருக்கு ஜாக்கெட்னு கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்ல இங்க நெறைய பேரு இருக்காங்க. நான் தண்ணிய மட்டும் சொல்லுதேன், ஏன்னா இதுலதான் நம்மாளுக காச வாரி எறியுதாங்க.

நான் வந்த புதுசுல ஈஸ்ட் ஹாம்ல ஒரு மாடி ரூம்ல நாலஞ்சு பேரா கெடந்தோம். குக்கர்ல எத்தன விசில் விட்டாலும் துவரம்பருப்பு மலராது, அப்படியே முழிச்சிக்கிட்டு நிக்கும். கூட இருந்தவங்க கடைக்காரன் பழைய பருப்ப தள்ளிட்டான்னு அவன்கூட சண்டைக்கு போனாங்க. நான் அம்பாசமுத்திரத்துக்காரன், தாமிரபரணில வளந்த உடம்பு, வாயில வச்சதுமே தண்ணியிலதான் கோளாறுன்னு சொன்னேன். தண்ணில கால்சியம் கூடுதலா இருந்தா பருப்புல இருக்க பெக்டின்ங்கற பசைய இறுக்கிப் புடிச்சிக்கிடும், வேக விடாது. மொத நாளே ஊறப்போட்டு ஒரு சிட்டிக சோடா உப்பு போட்டேன், அன்னையில இருந்து அந்த வீட்ல சமையல் என் கைக்கு வந்துட்டு.

லண்டன், ரெடிங், லூட்டன் பக்கமெல்லாம் நெலத்தடியில சுண்ணாம்புப் பாற, மழத்தண்ணி அதுக்குள்ள எறங்கி வருது, அதான் இந்த கடினம். கிளாஸ்கோவுக்கு கேட்ரின் ஏரித் தண்ணி, நம்ம பாபநாசம் தண்ணி மாதிரி மெதுவா இருக்கும், அங்க இருக்கவனுக்கு இந்த மெஷினே வேண்டாம். அவன் பேச்ச கேட்டு நீங்க முடிவு பண்ணாதிய. தண்ணி கம்பெனி சைட்ல போஸ்ட்கோட் போட்டா கடினம் லிட்டருக்கு எத்தன மில்லிகிராம்னு வரும், உங்க பக்கம் 300 கிட்ட இருக்கலாம். 180 தாண்டினாலே ரொம்ப கடினமான தண்ணிதான்.

அடுத்து இந்த டிடிஎஸ் மீட்டர், தண்ணில மொத்தம் எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுத கருவி. நம்ம பயலுக ஊருல இருந்தே பெட்டில வச்சு கொண்டு வாராங்க, சாஃப்ட்னர் போட்ட பெறகு முக்கிப் பாத்துட்டு நம்பர் கொறையலயேன்னு கத்துதாங்க. எப்படி கொறையும்? சாஃப்ட்னருக்குள்ள ரெசின்னு சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணி இருக்கு, அது கால்சியம் மெக்னீசியத்த புடிச்சிக்கிட்டு சோடியத்த விடும், மொத்த உப்பு அப்படியேதான் இருக்கும். உப்ப எடுக்கது ஆர்ஓ. திசையன்விள, ராதாபுரம் பக்கத்து போர் தண்ணி மாதிரி வாயில வைக்க முடியாத உவர்ப்புன்னா அதுக்கு ஆர்ஓ வேணும். ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு வாங்குனவங்கதான் இங்க ரொம்ப பேரு.

வீட்டுக்கு வாற சேல்ஸ்மேன்கிட்ட ரொம்ப கவனமா இருங்க. ரெண்டு பாட்டில்ல சோப்பு சொட்டு விட்டு குலுக்கி நுர காட்டுவான், தோலு, முடி, பிள்ளையோட தோல் அரிப்பு நோய் எக்ஸிமான்னு பயங்காட்டுவான், இன்னைக்கே கையெழுத்து போட்டா பாதி வெலைம்பான். 2011ல இங்கிலாந்துலயே எக்ஸிமா உள்ள 336 பிள்ளைகள வச்சு சோதிச்சு முடிவு வெளியிட்டாங்க, சாஃப்ட்னரால எக்ஸிமாவுக்கு கூடுதல் நன்ம ஒண்ணும் தெரியல. நீங்க இதுக்கு செலவழிக்கணும்னா பாய்லர், ஷவர், பைப்பு, சோப்புச் செலவு இதுக்காக செலவழிங்க. எங்க தெருவுல ஒரு தமிழ் குடும்பம் பைப்புல சுத்துத காந்தத்த வாங்கி மாட்டுச்சு, அத பாத்து வாட்ஸப் குரூப்புல இருந்த அத்தன பேரும் வாங்குனாங்க, எல்லார் கெட்டில்லயும் பழையபடி வெள்ளப் படிவு. காந்தம் கால்சியத்த தண்ணில இருந்து எடுக்காது.

சைஸ் கணக்கு லேசுதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 150 லிட்டர், நாலு பேருக்கு 600. கடினம் 300 மில்லிகிராம்னா தெனம் 180 கிராம் எடுக்கணும். ஒரு லிட்டர் ரெசின் சுமாரா 50 கிராம் புடிக்கும், அப்ப 10 லிட்டர் ரெசின் ரெண்டரை நாளுக்கு மேல தாங்கும், பெறகு உப்புத் தண்ணி விட்டு அதுவே கழுவிக்கிடும். அந்த கழுவல டைமர் வச்சு பண்ணுத மெஷின் வேண்டாம், எவ்வளவு தண்ணி ஓடுச்சுன்னு பாத்து கழுவுத மீட்டர் வச்சது வாங்குங்க, நீங்க லீவுக்கு ஒரு மாசம் ஊருக்கு போனாலும் டைமர் உப்ப கரைச்சிக்கிட்டே இருக்கும். ரெட்ட சிலிண்டர்னா ஒண்ணு கழுவும்போது இன்னொண்ணு ஓடும், ஆனா வெல கூட.

கிச்சன்ல குடிக்கதுக்கு மட்டும் சாஃப்ட்னர்ல சேராத குழா ஒண்ணு கண்டிப்பா விடச் சொல்லுங்க. சாஃப்ட்னர் வழியா வாற தண்ணில, லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்துக்கு 46 மில்லிகிராம் சோடியம் ஏறும், 300க்கு 138, இங்க குடிதண்ணிக்கு எல்லை 200. கைக்கொழந்தைக்கு பால்பவுடர் கலக்கவோ, பிரஷர் உள்ள அப்பா அம்மா வந்தா குடிக்கவோ சாஃப்ட்னர் தண்ணி வேண்டாம்.

போட்ட முத நாள் குளிச்சா சோப்பு போகாத மாதிரி வழுவழுன்னு இருக்கும், உங்க வீட்ல பயந்துராம பாத்துக்கிடுங்க. குறுக்குத்துற படித்துறையில முங்கி எந்திரிச்சா ஒடம்பு அப்படித்தான் இருக்கும், அம்மா அங்கயே தொவச்ச சட்டைக்கு எவ்வளவு கொஞ்சமா சோப்பு போடுவான்னு இப்பவும் நெனப்பு இருக்கு. உங்க வள்ளியூர் போர் தண்ணில வளந்தவங்களுக்கு அது புதுசு, ஒரு வாரத்துல பழகிரும்.

வாடகை வீட்ல இருக்க வரைக்கும் ஒண்ணும் வாங்காதிய, கெட்டில்ல வினிகரோ சிட்ரிக் ஆசிடோ ஊத்தி வைங்க போதும். வீடு எழுதினதும் வீட்டுக்குள்ள வாற தண்ணிய மொத்தமா அடைக்குத வால்வு, அதான் மெயின் ஸ்டாப்காக், எங்க இருக்கு, சிங்குக்கு அடியில எடம் எவ்வளவு, பைப்பு 15 மில்லிமீட்டரா 22ஆன்னு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, கணக்கு போட்டுச் சொல்லுதேன்.