கேள்வி பதில்: நஞ்சுக்கொடியை அறுத்துப் பார்த்தவர்கள்

கேள்வி: உடற்கூறு மருத்துவர் வெசேலியஸ் 1543-இல் வெளியிட்ட உடற்கூறு நூலில், மனித சிசுவுக்கு நாயின் நஞ்சுக்கொடியை வரைந்துவிட்டார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். நாய்க்கு நஞ்சுக்கொடி சிசுவின் உறையைச் சுற்றிப் பட்டையாக இருக்கும். மனிதருக்கு வட்டமாக, தட்டையாக இருக்கும். அந்தப் படத்தில் இருப்பது பட்டை. அறுப்பதற்குக் கிடைத்தவை பெரும்பாலும் மரண தண்டனை பெற்றவர்களின் உடல்கள். கர்ப்பிணியாக இருந்தால் தண்டனையைப் பிரசவம் வரை தள்ளிவைப்பார்கள். ஆகவே நிறைமாதக் கருப்பை கைக்குக் கிடைப்பதே அபூர்வம். விலங்கில் பார்த்ததை வைத்து ஒப்பேற்றினார்கள். 1555 பதிப்பில் வெசேலியஸே படத்தைத் திருத்திவிட்டார்.

கேள்வி: தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் கலப்பதில்லை என்பதை நுண்ணோக்கி ஆய்வு வளராத காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: இரண்டு பேரின் நாளங்களும் நேராக இணையவில்லை என்று இத்தாலிய உடற்கூறு மருத்துவர் அரான்சியோ 1564-லேயே எழுதிவிட்டார். காட்டுவதுதான் கடினம். நஞ்சுக்கொடியைச் சும்மா வெட்டினால் ரத்தம் ஒழுகி, நாளங்கள் சுருங்கி, எது யாருடையது என்றே தெரியாது. மெழுகு செலுத்தும் முறை வந்த பிறகே வழி பிறந்தது.

முதலில் உறுப்பை வெந்நீரில் ஊறவைத்துச் சூடாக்க வேண்டும். நாளத்தில் குழாயைச் செருகி நூலால் இறுக்கிக் கட்டி, கசியக்கூடிய மற்ற வாய்களையும் கட்டிவிட வேண்டும். பிறகு சாதிலிங்கம் போன்ற நிறப்பொடி கலந்த மெழுகை உருக்கிப் பீச்சுகுழலால் மெதுவாகச் செலுத்தி, ஆறி இறுகிய பின்பே கத்தி வைக்க வேண்டும். உறுப்பு சூடேறாமல் இருந்தால் மெழுகு பெரிய நாளத்திலேயே உறைந்து நின்றுவிடும். மெழுகு கொதிக்கக் கொதிக்க இருந்தால் திசு சுருங்கும். மோசமான தவறு வேகமாக அழுத்துவது: மெல்லிய சுவர் கிழிந்து, தாயின் பக்கத்து மெழுகு சிசுவின் பக்கம் போய்ச் சேரும். பார்ப்பவர் ‘இணைப்பு இருக்கிறது’ என்று எழுதிவிடுவார். இரண்டு ரத்தமும் கலக்கிறதா என்ற சர்ச்சை அவ்வளவு காலம் இழுத்ததில் கிழிசலுக்கும் பங்கு உண்டு என்றே சொல்ல வேண்டும்.

1754-இல் லண்டனில், நிறைமாதத்தில் இறந்த ஒரு பெண்ணின் கருப்பை நாளங்களில் மெக்கன்சி என்பவர் மெழுகு செலுத்த, உடற்கூறு வல்லுநர் ஜான் ஹன்டர் அறுத்துப் பார்த்தார். மெழுகு நஞ்சுக்கொடியின் பஞ்சுப் பகுதிக்குள் ஒழுங்கற்ற கட்டிகளாக இறங்கியிருந்தது. சிசுவின் நாளங்களுக்குள் போகவில்லை. தாயின் ரத்தம் அந்த இடைவெளிகளில் கொட்டி, சிசுவின் நாளங்களை வெளியிலிருந்து நனைக்கிறது என்பதற்கு அதுவே வலுவான சான்று. பின்னாளில், 1780-இல், இந்தப் பெருமை யாருக்கு என்று ஜான் ஹன்டருக்கும் அவருடைய அண்ணன் வில்லியமுக்கும் மனக்கசப்பு வந்தது தனிக்கதை.

கேள்வி: தொப்புள்கொடிக்குள் ‘ஹோபோக்கன் வால்வு’ உண்டா?

பதில்: டச்சுக்காரரான ஹோபோக்கன் 1669-இல் மனித நஞ்சுக்கொடி பற்றித் தனி நூலே எழுதினார். அவர் காட்டியவை தொப்புள் தமனிகளின் உட்சுவர் மடிப்புகள். கால் சிரைகளில் இருப்பவை போன்ற, ரத்தத்தை ஒரே திசையில் விடும் வால்வுகள் அல்ல.