படிக்கட்டு வரை வந்த பை உள்ளே ஏறுமா?

சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் 'சின்ன பிளைட்' பிடிக்கிறவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்போது அதிகம். சீட், பை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி (பர்கூர் வாசகர்): சேலத்திலிருந்து ஹைதராபாத் போகிறேன். சின்ன விமானத்தில் எந்த சீட் நல்லது?

பதில்: எந்தச் சின்ன விமானம் என்று முதலில் பாருங்கள். டிக்கெட்டிலோ, புக் செய்யும் பக்கத்திலோ விமானத்தின் பெயர் இருக்கும். நம் பக்கத்தில் மாட்டக்கூடியவை மூன்று. மூன்றிலும் நல்ல சீட் வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

ஒன்று ஏடிஆர் 72. 2023 அக்டோபரில் சேலம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு மறுபடி சேவை தொடங்கியபோது வந்தவை இவைதான். இது ஜெட் அல்ல, இறக்கையில் ஆறு இதழ் விசிறி சுற்றும் ரகம். இண்டிகோவில் 78 பேர், அலையன்ஸ் ஏரில் 70 பேர் உட்காரலாம். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நடு சீட் என்ற தொல்லையே இல்லை. பயணிகள் ஏறுவது பின்கதவு வழியாக. முன்னால் விமானிக்கும் பயணிகளுக்கும் நடுவில் சரக்கு அறை. எனவே பஸ் பழக்கத்தில் 'முன் சீட் கிடைத்தால் சீக்கிரம் இறங்கலாம்' என்று 1, 2-வது வரிசையைப் பிடித்தால் கடைசியாக இறங்குவது நீங்கள்தான். விசிறிக்கு நேரே வரும் முன்பகுதி ஜன்னல்களில் இரைச்சலும் அதிர்வும் அதிகம். பின்பாதி அமைதி, இறங்கவும் வசதி. இறக்கை கூரை மேல் இருப்பதால் எந்த ஜன்னலிலும் தரை தெரியும். முன்பகுதியில் மட்டும் என்ஜின் கூடு மறைக்கும்.

இரண்டாவது எம்ப்ரேயர் 145. 50 சீட். இடப்பக்கம் ஒற்றை சீட், வலப்பக்கம் இரட்டை. தனியாகப் போகிறவருக்கு ஒற்றை சீட் ராஜ மரியாதை: ஜன்னலும் உங்களுடையது, நடைபாதையும் உங்களுடையது. ஆனால் அந்தப் பக்கம் தலைக்கு மேல் பெட்டி வைக்கும் தட்டு கிடையாது, வலப்பக்கம் மட்டும்தான். என்ஜின் இரண்டும் வாலில் இருப்பதால் கடைசி வரிசைகளில் காது அடைக்கும். உள்ளே நிற்கும் உயரம் 1.82 மீட்டர், அதாவது ஆறடிக்கு ஒரு நூல் குறைவு. உயரமானவர்கள் கதவிலேயே குனிந்து பழகிவிடுங்கள்.

மூன்றாவது எம்ப்ரேயர் 175. பெங்களூரிலிருந்து ஸ்டார் ஏர் ஓட்டுவது 76 சீட்: 12 பிசினஸ், 64 எகானமி. எகானமியில் இரண்டுக்கு இரண்டு, உயரம் 2 மீட்டர், தட்டு இரு பக்கமும். மூன்றில் இதுதான் பெரிய விமானத்துக்குப் பக்கத்தில் வருவது. இறக்கைக்கு முன்னால் உட்கார்ந்தால் சத்தம் குறைவு.

உங்கள் ஹைதராபாத் பயணம் ஏடிஆர் என்றால் நடுவுக்குச் சற்றுப் பின்னால் எடுங்கள்.

கேள்வி (ஓசூர் வாசகி): கடையில் 'கேபின் சைஸ்' என்று சொல்லி 20 இன்ச் டிராலி கொடுத்தார்கள். சின்ன விமானத்தில் அதை வாங்கிக் கீழே போட்டுவிடுகிறார்கள் என்கிறாள் தோழி. உண்மையா?

பதில்: உண்மைதான். இண்டிகோவில் கைப்பைக்கு 7 கிலோ, நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டர். 55, 35, 25 என்றால் கணக்கு சரியாகப் போய்விடும். வேறு கம்பெனிகளில் எடை இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். டிக்கெட்டில் போட்டிருப்பதே கணக்கு.

தையல்காரர் டேப்பை எடுங்கள். டிராலியைத் தரையில் நிறுத்தி, சக்கரத்தின் அடியிலிருந்து மடக்கிய கைப்பிடியின் உச்சி வரை அளந்து பாருங்கள். கடைக்காரர் சொன்னது பெட்டியின் உடம்பு மட்டும். சக்கரம், கைப்பிடி சேர்ந்தால் சில சென்டிமீட்டர் கூடும். முன்பக்கப் பாக்கெட்டில் சால்வையைத் திணித்திருந்தால் அந்த வீக்கமும் கணக்கில் வரும். பிறகு காலிப் பெட்டியை எடை போடுங்கள். கெட்டி பிளாஸ்டிக் டிராலி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். 7 கிலோவில் உங்களுக்கு மிஞ்சுவது நாலு.

அளவு சரியாக இருந்தும் சின்ன விமானத்தில் தட்டுக்குள் போகாமல் நிற்பது நடக்கும். தட்டின் ஆழம் குறைவு, கெட்டிப் பெட்டி அமுங்காது. அப்போது மூடி சாத்தாது, பணிப்பெண் பையை வாங்கிவிடுவார். 145-ல் டிராலி உள்ளே வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். துணி அல்லது ரெக்சின் பை என்றால் அமுக்கலாம், முன்சீட்டுக்கு அடியிலும் தள்ளலாம். டிராலியை ஆசைப்பட்டு வாங்கியாயிற்று என்றால் செக்-இன் பையாக, அதாவது கவுன்டரிலேயே கொடுத்துச் சரக்கில் போடுங்கள்.

கேள்வி (காரிமங்கலம் வாசகர்): விமானப் படிக்கட்டு அருகே பையை வாங்கினால் உள்ளே இருக்கிற பொருளுக்கு யார் பொறுப்பு? என்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் முக்கியமானது இது. அவர்கள் வாங்கிய நிமிடத்தில் அது கைப்பை அல்ல, சரக்கு. அதனால் சரக்கில் போகக்கூடாதது எதுவும் அதில் இருக்கக் கூடாது. முதலில் பவர் பேங்க். லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் கேபினில் உடனே கண்ணில் படும், அணைக்க ஆள் உண்டு. சரக்கு அறையில் யார் பார்ப்பார்கள்? 100 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) வரை தனி அனுமதி வேண்டாம். கணக்கு எளிது: பவர் பேங்கில் போட்டிருக்கும் எம்ஏஎச் எண்ணை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுங்கள். 10,000 என்றால் 37. 20,000 என்றால் 74, தாராளம். 30,000 என்றால் 111, அதற்கு விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கை பாதுகாப்புச் சோதனையிலேயே பிடுங்கி வைத்துவிடலாம். அதற்கு எங்களிடம் வைத்தியமில்லை.

அடுத்து லேப்டாப், நகை, பணம், மருந்து, மூக்குக் கண்ணாடி, வீட்டுச் சாவி, அசல் சான்றிதழ்கள். இவற்றை ஒரு மஞ்சப்பையில் போட்டு, அந்த மஞ்சப்பையை டிராலியின் வாயருகே, ஜிப்பைத் திறந்தால் முதலில் கையில் வரும்படி வையுங்கள். தனியாகத் தோளில் மாட்டிக்கொண்டு போனால் 'ஒரு பைதான் அனுமதி' என்று சோதனை வரிசையில் நிறுத்துவார்கள். பெண்களின் சிறு ஹேண்ட்பேக்குக்கும் லேப்டாப் பைக்கும் பொதுவாக விலக்கு உண்டு, மஞ்சப்பைக்கு இல்லை. படிக்கட்டில் பையைக் கேட்டால் ஜிப்பைத் திற, மஞ்சப்பையை உருவு, பையைக் கொடு. அரை நிமிட வேலை. இதைச் செய்யாதவர்கள்தான் பின்னால் முப்பது பேரை வெயிலில் நிறுத்திவைத்துத் துணிமணியைக் கலைத்துக்கொண்டிருப்பார்கள்.

கொடுக்கும்போது டேக் துண்டை வாங்குங்கள். 'இறங்கும் இடத்தில் படிக்கட்டிலேயே தருவீர்களா, பெல்ட்டில் வருமா?' என்று கேட்டுவிடுங்கள். தெரியாமல் பெல்ட் அருகே நின்றுகொண்டிருப்பவர் உண்டு, அவர் பை விமானத்தடியில் அனாதையாக நிற்கும். மழைக்காலத்தில் பை சிறிது நேரம் திறந்த வெளியில் நிற்கலாம். உள்ளே துணியை ஒரு பாலித்தீன் உறையில் போட்டிருந்தால் பயமில்லை. பை வராவிட்டாலோ உடைந்திருந்தாலோ, ஹாலை விட்டு வெளியே போகும் முன் அங்குள்ள லக்கேஜ் கவுன்டரில் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். வீட்டுக்குப் போய் போன் செய்தால் வழக்கு பலவீனம்.

கேள்வி (காவேரிப்பட்டணம் வாசகி): மகளுக்கு மாம்பழம், ஊறுகாய், ராகி மாவு கொண்டுபோக வேண்டும். எதை எதில் வைப்பது?

பதில்: மாம்பழத்தைக் கையில் கொண்டுபோகலாம். நடுத்தர செந்தூரா ஒரு டஜன் மூன்று கிலோவுக்கு மேல் வரும், 7 கிலோவில் பாதி போய்விடும். அதிகம் வேண்டுமென்றால் செக்-இன்னில் அட்டைப் பெட்டி. பழுத்ததை வைக்காதீர்கள். பெட்டி மேல் பெட்டி அடுக்குவார்கள், அடியில் போனது கூழாகிவிடும். செங்காயாகப் பார்த்து, காம்புப் பால் வடித்து, ஒவ்வொன்றையும் நாளிதழ்த் தாளில் சுற்றி, காம்பு கீழே பார்க்க ஒரே அடுக்காக வையுங்கள். இரண்டு அடுக்கு என்றால் நடுவில் அட்டை. பெட்டியின் பக்கவாட்டில் காற்றுத்துளை இருக்கட்டும். பெங்களூராவுக்குத் தோல் தடிமன், இவ்வளவு உபசாரம் வேண்டாம். அல்போன்சாவுக்குத்தான் கவனம் வேண்டும்.

மாங்கூழ் டின் திரவக் கணக்கு. செக்-இன்னில் போடுங்கள். ஊறுகாயும் செக்-இன்தான், கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். மேலே போகும்போது காற்றழுத்தம் குறைவதால் மூடி இடுக்கில் எண்ணெய் கசியும். ஜாடி வாயில் பிளாஸ்டிக் தாள் மூடி, அதன் மேல் மூடியைத் திருகி, இரண்டு உறை போட்டு, பழைய துண்டில் சுற்றுங்கள். மகளுக்குத்தான் என்றாலும் கண்ணாடி ஜாடி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். ராகி மாவைத் தெளிவான உறையில் கட்டி, மேலே 'ராகி மாவு' என்று எழுதுங்கள். கொப்பரை இரண்டிலும் வேண்டாம், எண்ணெய்ப்பசையால் எளிதில் தீப்பற்றும் பொருள் என்று விட மாட்டார்கள். அரிவாள்மனை, கத்தி செக்-இன்னில் மட்டும், முனையை அட்டையில் கட்டி.

கேள்வி (அரூர் வாசகர்): அம்மாவுக்கு முட்டி வலி. ஏடிஆரில் எங்கே உட்கார வைப்பது? முதல் வரிசையில் கால் நீட்ட இடம் இருக்குமாமே?

பதில்: முதல் வரிசையை மறந்துவிடுங்கள். ஏடிஆர் 72-ல் அவசர வழி பயணிகள் பகுதியின் முன்முனையில் இருக்கிறது. அதற்கு அருகே வயதானவர், குழந்தை, கர்ப்பிணி, நடக்கச் சிரமப்படுகிறவர் உட்காரக் கூடாது, பணம் கட்டி வாங்கியிருந்தாலும் மாற்றிவிடுவார்கள். முன்னால் சீட் இல்லாத இடத்தில் பையைக் காலடியில் வைக்கவும் முடியாது. அம்மாவுக்குப் பின்கதவுக்குப் பக்கத்தில், நடைபாதை ஓரம் கேளுங்கள். சில அடிதான் நடை, கழிவறையும் பின்னால்தான். அங்கே ஆட்கள் போய்வருவார்கள், அந்தத் தொந்தரவு உண்டு. ஆனால் முட்டிக்கு நல்லது. சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள். கவுன்டரில் வந்து கேட்டால் காத்திருக்க வேண்டிவரும்.

கேள்வி (பாலக்கோடு வாசகி): பஸ்ஸிலேயே வாந்தி வரும். சின்ன விமானம் குலுங்குமா?

பதில்: குலுங்கும். ஏடிஆர் பெரிய ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறப்பதால் மேகத்துக்குள் அதிக நேரம் இருக்கும். வெயிலில் தரை சூடாகிக் காற்று மேலெழும் மத்தியானத்தில் ஆட்டம் கூடும். காலை விமானம் எடுங்கள். இறக்கைக்கு நேரே, நடு வரிசைகளில் ஆட்டம் குறைவு, வால் பக்கம் அதிகம். இரைச்சலுக்கும் வாந்திக்கும் ஒரே சீட் தீர்வாகாது. உங்களுக்கு வாந்தியே பெரிது என்றால் இறக்கைக்கடியில் உட்கார்ந்து காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே. வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

கேள்வி (தேன்கனிக்கோட்டை வாசகர்): பாதி விமானம் காலி. ஆனாலும் இடம் மாற விடவில்லை. ஏன் இந்தக் கெடுபிடி?

பதில்: பழைய மாட்டு வண்டியில் எல்லோரும் பின்னால் ஏறினால் நுகத்தடி தூக்குமே, அதுதான். சின்ன விமானத்தில் எடை முன்னும் பின்னும் எப்படி இருக்கிறது என்று கிளம்பும் முன் கணக்குத் தாள் போடுவார்கள், அதை வைத்தே விமானி வால் பகுதியைச் சரிசெய்கிறார். 180 பேர் விமானத்தில் ஐந்து பேர் மாறினால் பெரிதாகத் தெரியாது, 30 பேர் உள்ள ஏடிஆரில் தெரியும். நிற்கும்போது ஏடிஆரின் வாலுக்கடியில் ஒரு முட்டுக்கம்பு கொடுத்திருப்பதைப் பாருங்கள், பின்கதவில் கூட்டம் சேர்ந்து வால் தாழ்ந்துவிடாமலிருக்க. சீட் பெல்ட் விளக்கு அணைந்த பிறகு பணிப்பெண்ணைக் கேட்டு மாறலாம். இறங்கும் முன் பழைய இடம்.

கேள்வி (பென்னாகரம் வாசகர்): சேலத்தில் போட்ட செக்-இன் பை, ஹைதராபாத்தில் மாறி டெல்லி வரை போகுமா?

பதில்: ஒரே பி.என்.ஆரில் (டிக்கெட்டின் பதிவு எண்) இரண்டு பயணமும் இருந்தால் போகும், டேக்கில் டெல்லி என்று அச்சாகியிருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் ஹைதராபாத்தில் எடுத்து மறுபடி போட வேண்டும், நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். படிக்கட்டில் வாங்கிய கைப்பைக்கு இந்த டேக் இருக்காது, அதைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி (நல்லம்பள்ளி வாசகர்): எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

பதில்: கவுன்டர் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன் மூடிவிடும். நல்லம்பள்ளியிலிருந்து காமலாபுரம் ஒரு மணி நேரத்துக்குள் என்றாலும் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி சாய்ந்தால் கணக்கு கெட்டுவிடும். மூன்று மணி நேரம் முன் புறப்படுங்கள். பெங்களூரு என்றால் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி ஊருக்கு அந்தப் பக்கம். அத்திப்பள்ளியும் ஹெப்பாளும் வழியில் இருக்கின்றன, ஆறு மணி நேரம் வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் பெங்களூரில் விடிகாலைப் பனிமூட்டத்தால் முதல் விமானங்கள் தாமதமாகும். அந்த மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.